நாகேந்திரம் வைத்த கையெழுத்து

என்னிலதான் பிழை. அதை முதல்லயே சொல்லிப்போடுறன், பிறகு ஒருத்தரும் பாலேஸ்வரியைக் குறை சொல்ல வரக் கூடாது. யோசனை குடுத்தது இந்த டோரின்தான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. கொழும்புக் கோட்டையில ஒரு கொம்பனியில நான் சம்பளப் பிரிவு, பாலேஸ்வரி டைப்பிஸ்ட். நாப்பத்தொரு வயது, கலியாணமில்லை. வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸில தம்பி வரதராசாவோட இருந்தவ. பத்தொன்பது வருசத்தில ஒரு நாள் பிந்தி வந்ததில்லை. கொட்டுற மழையிலயும் பொட்டு அழியாமல் வந்து நிப்பா, எனக்கு அதில கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

தமிழ்ப் பெடியளை அள்ளுற ஆமி ரவுண்டப்பில வரதராசாவை மூண்டு தரம் கொண்டுபோனவங்கள். மூண்டாம் தரம் வரேக்க அவனுக்கு இடது காது கேக்கேல்லை. "அடுத்த முறை கொண்டுபோனா வரமாட்டான், டோரின் அக்கா" எண்டா பாலேஸ்வரி. கனடாவுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரன் கேட்ட காசுக்கு அவவிட்ட இருந்தது சம்பளத்தில பிடிச்சுச் சேர்ந்த ஈபிஎஃப் மட்டும்தான். பொம்பிளையளுக்கு அது கைக்கு வர ஐம்பது வயது ஆகவேணும். வட்டிக்கு எடுத்தால் மாசம் பத்து வீதம். வேலை செய்ய ஏலாது எண்டு டொக்டரிட்டத் துண்டு எடுத்தால் முந்தித் தருவாங்கள், அதுக்கு இடையில நிக்கிறவன் கால்வாசியை விழுங்குவான்.

"கலியாணம் முடிச்சு வேலையை விட்டியெண்டா ஈபிஎஃப்பை முழுக்கத் தருவாங்கள். ஒரு சதம் வெட்டு விழாது" எண்டன் நான். பகிடியாத்தான் சொன்னன். அவ சிரிக்கேல்லை.

"ஆரை முடிக்கிறது?" எண்டு கேட்டா.

கொட்டாஞ்சேனையில எங்கட ஒழுங்கையில ஹியூபேட் எண்டு ஒரு ஸ்டூடியோக்காரன். வவுனியாப் பக்கத்து நாகேந்திரம் எண்ட ஆளின்ர அடையாள அட்டை அவனிட்ட இருந்தது. எப்பிடி வந்ததெண்டு நான் கேக்கேல்லை, கேட்டிருக்கவேணும். முகம் ஒத்த ஒருத்தனைக் கொண்டுவாறன், கையெழுத்து வைச்சிட்டுப் போயிடுவான் எண்டான். அட்டையிலிருந்த பேரையும் நம்பரையும் கலியாண எழுத்துக்காரரிட்டக் குடுத்தம்.

கலியாண எழுத்தண்டு பத்து மணிக்கு மாப்பிள்ளை தனியா வந்தான். வெள்ளைச் சேட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தது. "அட்டை கொண்டு வரேல்லை. நம்பர் தெரியும்" எண்டு சொல்லி, தடக்காமல் ஒப்புவிச்சான். எழுத்துக்காரர் பார்த்தார், சரியா இருந்தது. சாட்சிக்கு நிண்ட நான் பேனையை நீட்டினன். இடது பெருவிரலால கடுதாசியை அமத்திக்கொண்டு கையெழுத்து வைச்சான். அந்த விரலில நகம் இல்லை. பிறகு பாலேஸ்வரியைப் பார்த்து, "சாப்பிட்டீங்களோ?" எண்டு கேட்டான். அவ தலையை ஆட்டினா. அவன் போயிட்டான்.

மத்தியானம் ஹியூபேட் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். "டோரின், குறை நினைக்காத. நான் பிடிச்ச ஆளை விடியவே செக்கிங்கில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். வேற நாள் வைப்பம்." சொல்லிக்கொண்டே அந்த அட்டையைப் பொக்கற்றிலயிருந்து எடுத்து என்ர கையில வைச்சான். ஐயோ யேசுவே, அப்ப காலமை வந்து கையெழுத்து வைச்சது ஆர்?

"ஆரோ வந்தான், அலுவல் முடிஞ்சுது" எண்டா பாலேஸ்வரி. வேலையை விட்டு, ஈபிஎஃப் கந்தோரில படிவத்தையும் குடுத்திட்டா. நான் அடுத்த மடைத்தனத்தைச் செய்தன். "கந்தோரால விசாரிக்க வந்தால் வீட்டில புருசன் இருக்கவேணும். வீட்டில இருக்கிற ஆக்களைப் பதியிற பொலிஸ் லிஸ்ட்டில அவன்ர பேரையும் போடு" எண்டன். போட்டா. பொலிஸ் அதை வவுனியாவுக்கு விசாரணைக்கு அனுப்பி, அது அங்கத்தை கிராம விதானையிட்டப் போய், விதானை அந்தத் தாயிட்டக் கேட்டிருக்கிறார்.

காசு வர முந்தி தாய் வந்து நிண்டா. சிவமணி எண்டு பேர். கொழும்புக்கு வர ஆமி குடுத்த ஒரு கிழமைப் பாஸில, ஒரு சீலைப் பையோட. நானும் அண்டைக்கு அங்க இருந்தனான்.

"என்ர மகன் செத்து ரெண்டு வருசம். வாய்க்கரிசி போட்டது நான். அவன்ர பேரில இஞ்ச ஆர் இருக்கிறது?" எண்டு மரணச் சான்றிதழை மேசையில வைச்சா. அந்தத் துண்டு கந்தோருக்குப் போனால் காசும் இல்லை, கனடாவும் இல்லை, பாலேஸ்வரி மறியலில. வரதராசா அறை வாசலில நிண்டு கேக்கிற காதை எங்கட பக்கம் திருப்பினான்.

பாலேஸ்வரி ஒரு பொய்யும் சொல்லேல்லை. கலியாண எழுத்துத் துண்டை எடுத்துவந்து குடுத்தா. அந்த மனிசி கையெழுத்தையே கனநேரம் பார்த்தா.

"இந்த 'நா'வை இப்பிடி இழுக்கிறது அவன்தான்" எண்டா. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இடது பெருவிரல்?"

"நகம் இல்லை அம்மா." அதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

"கிணத்துக் கப்பியில போனது. ஏதும் கதைச்சவனோ?"

"சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டவர்" எண்டா பாலேஸ்வரி.

அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. ஆரைக் கண்டாலும் அவன் முதல்ல அதைத்தான் கேப்பானாம். அழுது முடிச்சு, எழும்பி குசினிக்குப் போனா. அடுப்பு மூட்டுற சத்தம் கேட்டுது. சம்பல் மணத்தது. "ஒரு துண்டில அவன் உயிரோட இருக்கிறான். அது இருக்கட்டும் மோளே" எண்டு வந்து பாலேஸ்வரியின்ர கையைப் பிடிச்சா. பாஸ் முடியிற நாள் ஊருக்குப் போயிட்டா.

காசு ஒரு சதம் குறையாமல் வந்தது. செவ்வாய்க்கிழமை வரதராசாவுக்குப் பிளேன். ஞாயிறு பூசை முடிஞ்சு அவனுக்குப் பயணம் சொல்லப் போனன். அந்த அட்டையை எரிச்சுவிடுவம் எண்டு ஹான்ட்பேக்கில கொண்டுபோனனான். நாங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க ஒழுங்கையில ட்ரக் வந்து நிண்டது. வீடுவீடா ஏறி, இளம் ஆம்பிளையளை எல்லாம் இழுத்து ஏத்தினாங்கள். வரதராசா கட்டிலில இருந்து, கேக்கிற காதைக் கையால பொத்தினான். பாலேஸ்வரி கதவடியில நிண்டா.

ஒரு அதிகாரி லிஸ்ட்டோட வந்தான். உள்ள எட்டிக்கூடப் பார்க்கேல்லை. நாகேந்திரம் எண்ட பேருக்கு நேர ஒரு கோடு போட்டான், வரதராசாவுக்கு நேர ஒரு கோடு.

"உங்கட மஹத்தயாவோட கேட்டடியில கதைச்சனான்" எண்டான் சிங்களத்தில, புருசனைத்தான் சொன்னான். "அட்டையும் காட்டினவர். மச்சானுக்கு ஒரு காது கேக்காது, சத்தம் போடவேண்டாம் எண்டார். நல்ல மனிசன்."

ட்ரக் போயிட்டுது. நான் ஹான்ட்பேக்கைத் திறந்து பார்த்தன். அட்டை வைச்ச இடத்திலயே கிடந்தது. பாலேஸ்வரி கேட்டடிக்கு ஓடினா. ஒழுங்கை முனை வரைக்கும் ஒரு குருவி இல்லை.

திரும்பி வந்து படியில இருந்திட்டா. பத்தொன்பது வருசத்தில அவ அழுது நான் கண்டதில்லை.

"டோரின் அக்கா," எண்டா, "அண்டைக்கு அவர் என்னைக் கேட்டவர். நான் அவரைக் கேக்கேல்லையே, சாப்பிட்டாரோ எண்டு."