மூன்றாவதைச் சொல்லவில்லை

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வண்ணத்தில் ஓர் இணைப்பு வருகிறது. மருமகள் அதை என் முன்னால் விரித்து வைத்துவிட்டுப் போனாள். ‘இளவேனிலுக்கு: படிக்க, பார்க்க, கேட்க’ என்று தலைப்பு. யாரோ ஒரு புத்தகப் பிரியர் எழுதியிருக்கிறார், போட்டோவில் நன்றாகச் சிரிக்கிறார். நான் முதல் வரியைக்கூடப் படிக்கவில்லை. இந்த வயதிலும் எனக்கு இன்னொருவன் சொன்ன சிபாரிசைப் பார்த்தால் பொறாமை வருகிறது என்றால், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் மை வாசனைக்கு என்னை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகிற பலம் உண்டு. அன்று அது அரியலூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்கு இழுத்துப் போனது. சாக்கு, கோந்து, கரிப்புகை, பிரித்த பத்திரிகைக் கட்டு எல்லாம் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை சட்டையிலேயே ஒட்டியிருந்த மனிதர் ராஜமாணிக்கம், அங்கே பார்சல் கிளார்க். விழுப்புரம் பக்கத்துக்காரர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. நான் தமிழில் ஆனர்ஸ் முடித்துவிட்டு அங்கே ஹைஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். ஊரே அவரிடம் போய், “என்ன படிக்கலாம்?” என்று கேட்டது. என்னிடம் மணி என்ன என்று கேட்டார்கள்.

அப்போது உலகச் சண்டைக்காலம். பேப்பர் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் இளைத்துப் போயிருந்தன. பங்குனி பிறந்து, வேப்பம்பூ உதிர ஆரம்பித்ததும், கடைத்தெருவில் இருந்த வாசகசாலையில் சாயங்காலம் ராஜமாணிக்கத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அவர் ஒவ்வொருத்தருக்கும் மூன்று சொல்வார். படிக்க ஒன்று, பார்க்க ஒன்று, கேட்க ஒன்று. ஆனால் மூன்றையும் சேர்த்துச் சொல்லமாட்டார். புத்தகத்தை முடித்துக் கொண்டுவந்தால்தான் பார்க்க வேண்டியது. அதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் கேட்க வேண்டியது.

“மொத்தமா சொன்னா மருந்துச் சீட்டு மாதிரி ஆயிடும் அண்ணாச்சி. மொதல்ல படிங்க, வாங்க.”

ஜவுளிக்கடைக்காரருக்குத் துப்பறியும் நாவல் கொடுத்தார். பிறகு ஜெயங்கொண்டம் ரோட்டில் முந்திரிக்காட்டை விடிகாலையில் பார்க்கச் சொன்னார். கடைசியில், கொள்ளிடப் பாலத்தில் கூட்ஸ் வண்டி போகிற சத்தத்தை மணலில் படுத்துக்கொண்டு கேட்கச் சொன்னார். அந்தக் கடைக்காரர் வாழ்நாளில் மணலில் படுத்தவரில்லை. போய்ப் படுத்தார். திரும்பிவந்து, “வவுத்துக்குள்ள ஓடுதுய்யா ரயிலு!” என்று சொன்னபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரம்பலூரிலிருந்து கரியில் ஓடுகிற பஸ் ஒன்று வரும். அதன் டிரைவர்கூட மூட்டை இறக்கும் நேரத்தில், “அடுத்தது என்ன சார்?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

எனக்கும் மூன்று சொன்னார். அதுதான் மோசம். முதல் இரண்டும் எனக்கு அப்படிப் பொருந்தின. மூன்றாவதற்கு, “ஒரு நாளு க்ளாசுக்கு வெளியில நின்னு ஒங்க பசங்க பேசறதக் கேளுங்க வாத்தியாரே” என்றார். நின்றேன். உள்ளே ஒருவன் என் குரலில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தான். என்னைவிட நன்றாகவே நடத்தினான். சிரித்திருக்க வேண்டிய இடம். நான் அதை மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

நான் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீடு கோதண்டத்தினுடையது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் தங்கை விசாலாட்சி அந்த வீட்டில் இருந்தாள். பதினாறு வயதில் புருஷனை இழந்தவள். வாசலுக்கு வரமாட்டாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரல்தான். கோதண்டம் அவளுக்குப் புத்தகம் வாங்கிப் போவார் என்று தெரிந்து, நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். உரையோடு கூடிய கனமான புத்தகம். இரண்டாம் நாளே திரும்பி வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வேப்பங்குச்சி இருந்தது. அங்கே தூக்கம் வந்திருக்கிறது.

ராஜமாணிக்கம் கொடுத்த நாவலுக்கு அவள் வேறு மாதிரி பதில் அனுப்பினாள். கோதண்டமே வாசகசாலையில் சொன்னார்: “தங்கச்சி சோத்த வடிக்க மறந்துட்டாப்பா. கொழைஞ்ச சோத்ததான் தின்னோம்.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நல்ல வாசகி என் எதிர்வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பார்சல் கிளார்க்குக்கு வாசகியாக இருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் ராஜமாணிக்கம் என்னோடு நடந்துவந்தார். “கோதண்டம் சார் தங்கச்சிக்குப் பாக்கறதுக்குத் திருமழபாடி நந்தி கல்யாணத்தச் சொல்லலாம்னு இருக்கேன். வூட்ட வுட்டு வெளியில வராத பொண்ணு. ஆத்தங்கரையில அவ்வளவு ஜனம், மேளம்... பாத்தா சந்தோஷப்படும். ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டாங்களே?”

பங்குனியில் திருமழபாடிக் கோயிலில் நந்திதேவருக்கு நடக்கிற அந்தக் கல்யாண உற்சவத்துக்கு எங்கள் பக்கத்தில் ஓர் அர்த்தம் உண்டு. கல்யாணமாகாதவர்களை அழைத்துப் போவார்கள். பார்த்தால் சீக்கிரம் வரன் அமையும் என்று நம்பிக்கை. ‘உங்கள் பெண்ணை நந்தி கல்யாணத்துக்கு அழைத்துப் போங்கள்’ என்று ஓர் ஆண்பிள்ளை சொன்னால், அதற்கு ஒரே பொருள்தான். அதுவும் அந்தக் காலத்தில், புருஷனை இழந்த பெண்ணைப் பற்றிச் சொன்னால்? விழுப்புரம் பக்கத்து ராஜமாணிக்கத்துக்கு அந்த அர்த்தமும் தெரியாது, அவள் நிலைமையும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு இரண்டும் தெரியும்.

“தாராளமா சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். வாசகசாலையில், பத்துப் பேருக்கு நடுவில், கோதண்டம் நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆவலோடு நின்றபோது சொன்னார்.

“தங்கச்சிய நந்தி கல்யாணத்துக்கு அழைச்சுகிட்டுப் போங்க சார்.”

கோதண்டம் ஓரடி முன்னால் வந்தார்.

“என்ன சொன்ன?”

“நந்தி கல்யாணம்...”

“அறுத்தவளுக்கு மாப்பிள்ள பாக்கறியா? யாருடா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?”

ராஜமாணிக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தேன். ஏதோ நெல் விலை போட்டிருந்தது.

“இனிமே எங்க வூட்டுக்குப் புஸ்தகமே வேணாம்” என்று சொல்லிவிட்டுக் கோதண்டம் போனார். படிகள் அதிர்ந்தன.

எல்லாரும் கலைந்த பிறகு ராஜமாணிக்கம் கேட்டது ஒரே கேள்வி. “ஒங்களுக்குத் தெரியுமா வாத்தியாரே?”

“தெரியாது” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆடிக்குள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர் என்றுகூட விசாரிக்கவில்லை நான். அடுத்த பங்குனியில் ஜவுளிக்கடைக்காரர் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார். நான் கால்மணி நேரம் பேசினேன். “அது சரிங்க சார், படிக்கறதுக்கு என்ன?” என்றார்.

வெகு காலம் கழித்து, நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கல்யாணத்துக்காக அரியலூர் போனேன். கோதண்டம் காலமாகியிருந்தார். துக்கம் கேட்கப் போன என்னை விசாலாட்சியே வாசலுக்கு வந்து உட்காரச் சொன்னார். அப்போதுதான் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தேன். நரைத்த தலை, கனமான கண்ணாடி. என் சட்டைப்பையில் மன்னிப்பு ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு போனவன்போல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“பார்சல் ஆபீஸ்காரரு ஒங்களுக்கு சிநேகிதம்ல? அன்னிக்கு அண்ணன் வூட்டுல வந்து கத்துன கத்துல ரெண்டாவது என்னன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. அண்ணன் இருக்கறவரைக்கும் போக முடியல. போன பங்குனியிலதான் திருமழபாடிக்குப் போனேன். நந்தி கல்யாணம் பாத்துட்டேன்.” சிறு பெண்ணைப்போல என்னைப் பார்த்தார். “மொறப்படி இப்ப மூணாவதச் சொல்லணும்ல? கேக்கறதுக்கு எனக்கு அவரு என்னங்க வச்சிருந்தாரு?”

“தெரியாதுங்க” என்றேன்.

இந்த முறை அது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரும் இப்போது இல்லை. வாசகசாலை இருந்த இடத்தில் உரக்கடை இருக்கிறது.

மருமகள் விரித்து வைத்த இணைப்பை எடுத்துக் கடைசிப் பத்திக்குப் போனேன். ‘கேட்க’ என்று போட்டு, கீழே வரிசையாக எவ்வளவோ கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். எல்லாம் எல்லாருக்குமாக இருந்தது. ஒருத்திக்கென்று ஒருவர் மனசில் வைத்திருந்த அந்த ஒன்று மட்டும் எதிலும் இல்லை.