செருப்பைக் கழற்றும் அறை

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் என் கால்கள் எனக்குச் சொந்தம். மற்ற ஆறு நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைக்கிறேன். அந்த ஒருநாளையும் மகள் கேட்டாளே என்று பழைய கம்ப்யூட்டர் மியூசியத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். கூடவே அவள் தோழியும் வந்தாள்.

பஸ்ஸில்தான் விஷயம் தெரிந்தது. அம்மா முன்பு கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்த்தவள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது பார்க்கிற வேலையைச் சொல்ல அவளுக்கு வெட்கம். அவள் சொன்னதும் பொய்யில்லை. கல்யாணத்துக்கு முன் இதே மைசூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஆறு வருஷம் இருந்தேன், துடைப்பத்தோடு. அந்தத் துடைப்பத்தை மட்டும் அவளிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். தோழி என்னை டீச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மியூசியம் வாசலில் ஏ.சி. குளிர் முகத்தில் பட்டதும் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். அந்தக் காலத்தில் தூசி போகக்கூடாதென்று மேனேஜரே வெறுங்காலோடுதான் உள்ளே வருவார், கோயில்கூடத் தோற்றுப்போகும். இங்கே எல்லோரும் ஷூவோடு நடந்துகொண்டிருந்தார்கள்.

“போட்டுக்கோம்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்று மகள் பல்லைக் கடித்தாள்.

உள்ளே, நான் அந்தக் காலத்தில் துடைத்ததைப் போலவே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. இதில் வேலை செய்தவர்கள் உண்டா என்று சுற்றிக்காட்டியவர் கன்னடத்தில் கேட்டார். மகள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவர் என்னை ஆன் செய்து காட்டச் சொன்னார். ஸ்விட்ச் எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? அதைத் தொட்டால் வேலை போய்விடும் என்று முதல்நாளே மிரட்டியிருந்தார்கள். தோழி ஆவலாகக் காத்திருந்தாள். மழுப்புவதற்கும் தெம்பு வேண்டுமே. இதை இயக்கியதில்லை, துடைத்தவள் நான் என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கீபோர்டைப் பார்த்தேன். இடுக்கெல்லாம் தூசி. கை சும்மா இருக்குமா? முந்தானை நுனியை விரலில் சுற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டேன்.

மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன். தோழி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேசைக்கு அடியிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இன்னிக்கு உனக்கு லீவுதானே? உக்காரும்மா.”

அந்தக் கம்பெனி அறையில் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.