அப்பா வழித்த பனி

ஈரக் கம்பளிக் கையுறையை ஹீற்றரின் மேல் காயப்போட்டால் ஒரு நாற்றம் எழும்பும். நனைந்த ஆட்டு மயிரும் கருகிய தூசியும் சேர்ந்த அந்த நாற்றம் எங்கேயாவது மூக்கில் பட்டால், நான் எத்தனை வயதுக்காரியாக இருந்தாலும் பத்து வயதுக்குத் திரும்பிப் போய்விடுகிறேன். விரும்பிப் போவதில்லை.

றொக்கி மலைகளுக்கு நடுவே, பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் ஒரு சின்ன ஊரில் நாங்கள் இரண்டு வருடம் இருந்தோம். தமிழர் என்று சொல்ல அங்கே அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு, 'கேஸ்' எப்போது கூப்பிடுவார்கள் என்று ஸ்காபரோவில் ஓர் உறவினர் வீட்டுப் 'பேஸ்மெந்தில்' காத்துக் கிடந்த காலத்தில், அந்த ஊர் ஹோட்டலொன்றில் 'கோப்பை கழுவ' ஆள் தேவையாம், இருக்க இடமும் தருவார்களாம் என்று யாரோ சொல்ல, அப்பா இரண்டு பெட்டியோடும் எங்களோடும் பஸ் ஏறிவிட்டார். மூன்று நாள் பஸ் பயணம் முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை.

வீட்டில் ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் ஓடும். கடிதம் வந்தாலும் பில் வந்தாலும், "பிள்ளை, உதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று அப்பா என்னிடம் நீட்டுவார், நான் சொன்னதை அப்படியே நம்புவார். அந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கனடா ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்த ஊரிலிருந்தும் சிலர் போயிருந்தார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பவேண்டும் என்று கடைக் கண்ணாடிகளிலும் மரங்களிலும் மஞ்சள் நாடா கட்டியிருக்கும். எங்கள் வகுப்புச் சுவரிலும் மஞ்சள் கடதாசியில் வெட்டிய நாடாக்கள் இருந்தன. படைவீரர்களின் குடும்பங்களுக்கு எந்தப் பிள்ளையின் வீடு உதவுகிறதோ அந்தப் பிள்ளையின் பெயரை ரீச்சர் ஒரு நாடாவில் எழுதி ஒட்டுவார். காலுறை அனுப்பலாம், பிஸ்கட் சுட்டு அனுப்பலாம், வீட்டு வாசலில் பனி வழித்துக் கொடுக்கலாம், விரும்பினால் மட்டும், என்று ஒரு படிவத்தை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருடைய பெயரும் சுவரில் ஏறிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்காததற்கு அந்த நாடா இல்லாததுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். அம்மாவிடம் பிஸ்கட் கேட்டால் என்ன ஏச்சு விழும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பாடசாலைக் கழிப்பறையில் குந்தியிருந்து, பனி வழித்தல் என்ற இடத்தில் சரி போட்டு, அப்பாவின் பெயரை எழுதி, அவருடைய கையெழுத்தையும் நானே வைத்தேன். அடுத்த நாளே என் பெயரும் சுவரில் ஏறியது.

ஒரு கிழமையில் பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, கரோலின் என்ற பெண் கைக்குழந்தையோடு தனியே இருக்கிறாள், கணவன் போர்முனையில், அவளுடைய வாசல் உங்கள் பொறுப்பு என்று அதில் இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"என்ர பேரைப் போட்டிருக்கினமோ?"

"ஓம் அப்பா."

"கட்டாயம் போகவேணுமோ?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஆமி முகாம் போட்டிருந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆண் வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவார்களாம். பற்றை வெட்டவும் மண்மூட்டை நிரப்பவும். வராதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வார்களாம். அப்பாவின் இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது அங்கேதான். இதெல்லாம் எனக்குத் தெரியும், அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. தெரிந்துகொண்டுதான் நான் "ஓம், கட்டாயம்" என்றேன். இல்லை என்று சொன்னால் அவர் போகமாட்டார், சுவரிலிருந்து என் பெயரைக் கழற்றிவிடுவார்கள்.

அம்மா குசினிக்குள் இருந்து கத்தினா. "அங்கை ஆமிக்கு மண் அள்ளினது காணாதெண்டு இஞ்சை வந்து ஆமிக்குச் சினோ அள்ளப்போறியள். நல்ல கனடா இது!"

"சத்தம் போடாதையும். கேஸ் முடியுமட்டும் அவங்கள் சொல்லுறதைச் செய்யத்தான் வேணும்" என்றார் அப்பா.

அன்று தொடங்கி, பனி கொட்டிய நாட்களில் எல்லாம் வேலைக்குப் போகுமுன், விடிய ஐந்தரைக்கு, அப்பா பனி அள்ளும் 'சவளை'த் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அந்த மலைப் பனியை ரொறொன்ரோக்காரர் கண்டிருக்கமாட்டார்கள். இரவில் வழித்தால் விடிய அதே உயரத்துக்குக் கிடக்கும். கார் நிற்கும் இடம், நடைபாதை, படிகள் என்று எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. கடைசியில் தும்புத்தடியால் கூட்டியும் விடுவார். யாரோ ஓர் அதிகாரி எங்கேயோ இருந்து கணக்கெடுப்பதாக அவருக்கு நினைப்பு. எங்கள் வாசல் அப்படியே மூடிக் கிடக்கும், அம்மாதான் புறுபுறுத்துக்கொண்டு வழிப்பா. கிழமைக்கு ஒரு தரம் அப்பா என்னிடம் கேட்பார்: "ரீச்சர் ஏதும் சொன்னவவோ?"

"நீங்கள் நல்லாச் செய்யிறியளெண்டு சொன்னவ" என்பேன். ரீச்சர் ஒன்றும் சொன்னதில்லை. அப்பாவின் முகத்தில் வரும் சந்தோசத்தைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன்.

கரோலின் கெட்டவள் அல்ல. குழந்தையைத் தோளில் போட்டபடி யன்னலில் நின்று கை காட்டுவாள். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போத்தல் ஜாம் கொண்டுவந்து தந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இரவு முழுக்கக் கொட்டியிருந்தபடியால் தும்புத்தடியோடு நானும் போனேன். குளிருக்கு அப்பா சால்வையால் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றியிருந்தார். கரோலினின் கணவன் முதல் நாள் மாலை வந்து இறங்கிவிட்டான் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பட்டியலில் இருந்து எங்களை எடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அப்பா கதவோரம் குனிந்து கடைசிப் படியை வழித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. வெறுங்காலோடு, உள்பெனியனோடு ஒருவன் பாய்ந்து வந்தான். என்ன கத்தினான் என்று எனக்கு விளங்கவில்லை, அது ஆங்கிலம்கூட இல்லை என்று நினைக்கிறேன். அடுத்த கணம் அப்பா குப்புறக் கிடந்தார். அவன் முழங்கால் அப்பாவின் முதுகில். ஒரு கையால் அவருடைய தலையைப் பனிக்குள் அமத்திப் பிடித்திருந்தான். ஊர்க் கடிதமெல்லாம் வாசித்துக் கிழித்த எனக்கு ஒரு சொல் ஆங்கிலம் வரவில்லை. "அப்பா, அப்பா" என்று மட்டும் கத்திக்கொண்டு நின்றேன்.

கரோலின் ஓடி வந்து அவன் பெயரைச் சொல்லி இழுத்தாள். அவன் கையை விட்டான். விட்டுவிட்டு, பனியிலேயே இருந்து தன் கைகளைப் பார்த்து நடுங்கத் தொடங்கினான். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அந்தப் பாவத்தை நினைத்து எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

அப்பா எழும்பினார். மூக்கால் இரத்தம். சால்வையைச் சரிசெய்துகொண்டு, "சொறி சேர்" என்றார். "சொறி, சொறி" என்று மூன்று நாலு தரம். கரோலின் அவனை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. சவளைத் தேடி எடுத்தார். அரைவாசி வழித்தபடி கிடந்த அந்தப் படியை வழித்து முடித்து, கூட்டியும் விட்டுத்தான் வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அம்மா அழுதா. "போனா ஏனெண்டு கேப்பாங்கள், எழுதுவாங்கள்" என்று அப்பா மறுத்துவிட்டார். விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கோப்பை கழுவினார். திங்கட்கிழமை, திரும்பி வரும் வீரர்களோடு நாங்கள் பொறுமையாக இருக்கவேண்டும் என்று ரீச்சர் வகுப்புக்குச் சொன்னார். என் நாடா சுவரிலேயே இருந்தது. அன்றைக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை. பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை.

அடுத்த வருடம் கேஸ் வென்றது. மலையை விட்டு ஸ்காபரோவுக்கே திரும்பினோம். அப்பாவுக்கு ஒரு கதையும் கிடைத்தது. பிறந்தநாள் விழாக்களில், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளில் நாலு ஆண்கள் கூடி நின்றால் போதும்: "நாங்கள் ஆமிக்காரன்ர வீட்டுக்குச் சினோ வழிச்சனாங்கள். அதைப் பாத்துத்தான் எங்களுக்குப் பேப்பர் தந்தவங்கள்." முதுகில் ஊன்றிய அந்த முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்காது. அம்மாவும் வருடங்கள் போகப்போகப் பக்கத்தில் நின்று "ஓம், சும்மா கிடைக்கேல்லை" என்று பெருமையாகத் தலையாட்டப் பழகிவிட்டா. நான் அந்த நேரங்களில் குசினிப் பக்கம் போய்விடுவேன்.

போன மார்கழியில், எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஒரு மன்னார்ப் பெடியன் தன் கேஸைப் பற்றிக் கேட்க வீட்டுக்கு வந்தான். அப்பா அதே கதையைச் சொல்லி, "நீரும் செய்யும் தம்பி. செய்தாத்தான் தருவினம்" என்றார். அவன் கையில் ரெலிபோனை எடுத்து, "எங்க அங்கிள் பேர் குடுக்கிறது?" என்று கேட்டான். அவன் கண்ணில் இருந்த பயம் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்து, அப்பாவின் முன்னால் இருந்தேன்.

"அப்பா, அது கட்டாயமில்லை. விரும்பினவை செய்யலாமெண்டுதான் அதில கிடந்தது. கேஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான்தான் உங்கட பேரை எழுதினனான்."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "அவன் விழுத்தின பிறகும் நான் மிச்சத்தை வழிச்சனான், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

அந்த மலை ஊரில் இப்போது மஞ்சள் நாடாக்கள் இருக்காது. போனவர்கள் வந்துவிட்டார்கள், வராதவர்கள் வரவில்லை. எங்களுடைய மாடிக்குடியிருப்பில் வாசல் பனியை இயந்திரம் தள்ளிவிட்டுப் போகிறது, சவள் என்று ஒரு சாமான் வீட்டில் இல்லை. இதெல்லாம் போனதில் எனக்கு ஒரு துக்கமும் இல்லை.

போன மாதம் மார்க்கம் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. அப்பாவைச் சுற்றி வழக்கமான ஆட்கள். அம்மாதான் எடுத்துக் கொடுத்தா: "இஞ்சேருங்கோ, இவைக்கு நீங்கள் ஆமிக்குச் சினோ வழிச்ச கதையைச் சொல்லுங்கோவன்." அப்பா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேப்பர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் எப்பவோ நடந்தது. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன், அப்பா பின்னால் இருந்தார். அம்மா பக்கத்துச் சீற்றில் இருந்து என் காதுக்குள் கவலையோடு கேட்டா: "பிள்ளை, அப்பாவுக்கு மறதி வந்திட்டுது போல கிடக்கு. டொக்டரிட்டக் காட்டுவமே?"

"ஓம் அம்மா, காட்டுவம்" என்றேன்.