ஹவுசிங்கில் ஊற்றிய கெட்டி ஆயில்

ஊளையிட்ட வண்டியின் வாயை ஆயில் ஊற்றி அடைத்து, என் தங்கை புருஷன் தலையில் கட்டினேன். ஆம்... நான்தான்!

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குப் பந்தல் கடை. நாற்காலியும் அண்டாவும் சுமந்து சுமந்து என் வேனின் பின் ஹவுசிங் தேய்ந்துபோயிருந்தது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. வேகம் நாற்பதைத் தாண்டினால் போதும்... பின்னாலிருந்து ஓர் ஊளை.

"பிரிச்சு கிரவுன் பல்சக்கரத்த மாத்தணும்ணா. ஆயிலால ஆவாது," என்றான் மெக்கானிக்.

வண்டியோடு வந்த புத்தகம் தொண்ணூறாம் நம்பர் ஆயிலைத்தான் சொல்கிறது. தெரிந்தேதான் அதைவிடக் கெட்டியான நூற்றுநாற்பது வாங்கினேன்! பழைய வண்டி விற்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாத வித்தையா இது? பாகு போல இறங்கும். தேய்ந்த பற்களின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். கொஞ்ச காலத்துக்கு ஊளை அடங்கும்.

நீங்கள் ஆயில் வாங்கினால் இரும்புக்கு எது நல்லது என்று பார்ப்பீர்கள். நான் வாங்க வருகிறவனின் காதுக்கு எது நல்லது என்று பார்த்தேன்.

வந்தவன் பிலவேந்திரன், என் தங்கை புருஷன். துறைமுகத்திலிருந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு அடுத்தவர் வண்டியில் மீன் ஓட்டியே இளைத்தவன். திருவந்திபுரம் வரை ஓட்டிப் பார்த்தான்.

"பட்டு மாதிரி போவுது மச்சான்!"

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்... ஆயில் ஊற்றிய அதே கையால்!

மழைக்காலத்தில் ஒருநாள் கேட்டான்: "பின்னாடி லேசா ஒரு சத்தம் வருது மச்சான். ஆயில் மாத்திப் பாக்கட்டா?"

"ஒங் காதுதான் அவுட்டு மாப்ள. ஏலத்துல கத்திக் கத்தி டமாரமாயிட்ட!"

சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குள்ளேயே சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? கௌரவமா? பயமா? இரண்டுக்கும் அன்று என்னிடம் ஒரே முகம்தான் இருந்தது.

புதுச்சத்திரம் தாண்டி கிரவுன் உடைந்தது. பின்சக்கரம் இறுகி, வண்டி சுழன்று வயலில் சாய்ந்தது. மத்தி மீன் முழுக்கச் சேற்றில். அவனுக்குச் சிராய்ப்புதான். ஆனால் பஸ்ஸுக்காகக் குழந்தையோடு நின்ற ஒரு பெண்... ஒரு முழம்! ஒரே ஒரு முழத்தில் பிழைத்தாள்.

"லோடு ஜாஸ்தி ஏத்திட்டேன் மச்சான். எல்லாம் என் தப்பு. அவுங்க மேல ஏறியிருந்தா...?"

நான் அவன் சிராய்ப்புக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

தங்கை என்னைத் தனியே அழைத்தாள். "ராவெல்லாம் தூங்க மாட்றாருண்ணே. வண்டியே வாணாம்னு சொல்லு. நீ சொன்னாதான் கேப்பாரு."

சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ஸ்டியரிங் ஒனக்கு ஒத்துவரல மாப்ள."

இருபது வருஷமாக ஒரு கோழியைக்கூட அடிக்காத கைகளைப் பார்த்துச் சொன்னேன்!

"நீங்களாவது ஒடச்சுச் சொன்னீங்களே மச்சான்," என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதன்பின் வண்டிச் சாவி எதையும் தொட்டதில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டுச் சில்லறைப் பாவங்களையெல்லாம் கொட்டுகிறேன். இதை மட்டும் விழுங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். உங்களிடம் சொல்வதுகூட, நீங்கள் அவனிடம் போய்ச் சொல்ல மாட்டீர்கள் என்ற துணிச்சலில்தானோ?

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் இப்போது அவனுக்கு வேலை. வருகிற வண்டிகளுக்கு இடம் காட்ட வேண்டும். போன வாரம் என் காரைக் கண்டதும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓடி வந்தான்.

"ரிவர்ஸ் எடுங்க மச்சான்... ஒடிங்க, ஒடிங்க... நாந்தான் பாத்துக்கினு இருக்கேனே, பயப்படாம வாங்க!"

கண்ணாடியில் அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவன் கையசைவை நம்பி, அங்குலம் அங்குலமாக, நான் பின்னால் வந்தேன்.