செல்லப்பாவின் எழுபத்தொரு சதவீதம்

பெரிய மனிதர்களின் வரலாறு அவர்கள் பிறந்த நாளில் தொடங்கும். செல்லப்பாவுக்கு அந்த வசதி ஒன்றுக்கு இரண்டாகவே உண்டு. அவரை அவருடைய அம்மா பெற்றது 1963-இல். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1969-இல். இடைப்பட்ட ஆறு வருஷம் அவர் மட்டாஞ்சேரிச் சந்துகளில் கோலி விளையாடியதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் அவர் அப்போது பிறக்கவில்லை.

காரணம் சாதாரணமானது. கொசு மருந்து அடிக்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது அவர் வயது வரம்பைத் தாண்டியிருந்தார். பள்ளிக்கூடச் சான்றிதழ் கிடையாது. சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். செய்தார். அன்று மாலை வீடு திரும்பியவர், காலையில் புறப்பட்டுப் போனவரைவிட ஆறு வயது இளையவர். எந்த லேகியத்துக்கும் இந்தச் சக்தி கிடையாது. அது எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கொசுத் தொல்லையே போதும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவருடைய தம்பி ராஜனுக்கும் அதே பிரிவில்தான் வேலை. ராஜன் ஏழாம் வகுப்புவரை படித்த பாவத்தால் உண்மையான வயதோடு வேலைக்குச் சேர்ந்து, ஐம்பத்தாறு முடிந்ததும் மாலை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அண்ணன் இன்னும் தோளில் மருந்து டாங்கியோடு கல்வத்தி கால்வாய் ஓரம் நடந்துகொண்டிருந்தார். அதனால் ராஜன் பொது இடங்களில் அண்ணனை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். காகிதத்தை மதிக்கிறவர்.

செல்லப்பாவின் இடது இடுப்பு இரண்டு வருஷமாக வலித்தது. டாங்கியின் பாரம் என்றார் அவர். வயசு என்றாள் மனைவி பாண்டிச்செல்வி. வாயு என்றது தெரு. எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் மூன்றையும் ஒதுக்கிவிட்டது. தொடை எலும்பின் மேல்முனையில் கட்டி. குருத்தெலும்பை உண்டாக்குகிற வகைப் புற்றுநோய். மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் அது பெரும்பாலும் அசைந்து கொடுக்காது, அந்த இடத்து எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோகம் வைக்க வேண்டும் என்றார் டாக்டர் அஞ்சு. செல்லப்பாவின் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு, பதிவேட்டுக் கணக்கில் பார்த்தாலும்கூட.

"ஆபரேஷன் செஞ்சா இவரு பொழைப்பாரா டாக்டரே?" என்று நேராகக் கேட்டாள் பாண்டிச்செல்வி.

டாக்டர் கணினியைத் திருப்பி வைத்தார். இதே நோய் வந்த ஆயிரக்கணக்கான பேரின் விவரம் அதற்குள் இருக்கிறது என்றார். வயது, கட்டியின் அளவு, அதன் வீரியம், நுரையீரலுக்குப் பரவியதா இல்லையா என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். எழுபத்தொன்று என்று வந்தது.

"இவர் மாதிரி நூறு பேருக்கு ஆபரேஷன் செஞ்சா, அஞ்சு வருஷம் கழிச்சு எழுபத்தொண்ணு பேர் இருப்பாங்க. பேடிக்கண்டா சேட்டா."

பயப்பட வேண்டாம் அண்ணா என்று மலையாளத்தில் சொன்னார். செல்லப்பா பயப்படவில்லை. அவர் திரையின் முதல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பீட்டு அட்டையைப் பார்த்து டாக்டர் அங்கே அடித்திருந்த எண்: 55.

எழுபத்தொன்று மட்டாஞ்சேரிக்கு அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. பாண்டிச்செல்வி பேருந்திலிருந்தே நான்கு பேருக்கு போன் செய்திருந்தாள். பரீட்சை முடிவு வந்த வீடுபோல ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு கமலாக்ஷி, தன் மகன் பிளஸ் டூவில் அறுபத்துநான்குதான் வாங்கினான், ஆனாலும் வளைகுடாவில் நன்றாக இருக்கிறான் என்று ஆறுதல் சொன்னாள். செல்லப்பா எழுந்து நின்று கைகூப்பினார். வேறு என்ன செய்வது?

அவருடைய கவலை தெருவுக்கு விளங்கக்கூடியதல்ல. எழுபத்தொன்று யாருடையது? 1969-இல் பிறந்த ஒருவனுடையது. அந்த ஆளுக்கு இடுப்பு வலியே கிடையாது. அவனுக்கு உடம்பே கிடையாது. அவன் பெயரில் இவர் சம்பளம் வாங்கியிருக்கிறார், விடுப்பு எடுத்திருக்கிறார். இப்போது அவனுடைய ஆயுளையும் வாங்கிக்கொண்டு கத்திக்குக் கீழே படுக்க வேண்டும். சம்மதக் கையெழுத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நோய் முற்றுகிறது என்று தெரு முடிவு செய்தது.

நான்காம் நாள் பஜார் ரோட்டுச் சாயாக்கடையில் ராஜன் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்டு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

செல்லப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, கட்டத்தில் இருந்த ஐம்பத்தைந்தைச் சொன்னார். ராஜன் சாயாவைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த நம்பர் உனக்கில்லையே."

"மெல்லப் பேசுடா."

"டாக்டர்கிட்ட சொல்லிரு அண்ணே." பல வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது.

"சொன்னா எழுதுவாங்க. எழுதினது ஆபீசுக்குப் போச்சுன்னா? இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ். பென்ஷனும் சேர்ந்து போயிரும்."

"மயக்க மருந்து யாருக்குக் கொடுப்பாங்க, ஆபீசுக்கா?"

"சொன்னா நம்பர் குறையும்டா."

"நீ வாய மூடிட்டு இருந்தா ஒடம்புக்கு வயசு குறையுமா? பதினெட்டு வருஷம் ஒண்ணா மருந்தடிச்சோம். அளவு தப்பாக் கலந்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

தப்பாகக் கலந்தாலும் கொசு சாகாது, சரியாகக் கலந்தாலும் சாகாது என்பது செல்லப்பாவின் பணி அனுபவம். அதைச் சொல்லும் மனநிலையில் அவர் இல்லை.

கையெழுத்து நாளன்று பேருந்து பாதி வழியில் தேவராவைத் தாண்டும்வரை அவர் சொல்லக்கூடாது என்றே இருந்தார். ஆஸ்பத்திரிப் படியில் சொல்லிவிடலாம் என்றிருந்தார். டாக்டரின் அறைக்குள் போனதும் மனைவியைப் பார்த்து, "ஒரு சாயா வாங்கிட்டு வா" என்றார். அவள் போனாள்.

"டாக்டரே, எனக்கு அறுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணு, சேட்டா."

"அது சதவீதம். இது வயசு."

டாக்டர் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. கணினியைத் திருப்பி வைத்து எண்ணை மாற்றித் தட்டினார். அறுபதைத் தாண்டினால் அந்தக் கணக்கு இரக்கம் காட்டாது போலும். ஐம்பத்தெட்டு.

பதின்மூன்று பேர் ஒரு தட்டலில் போனார்கள். செல்லப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னது நல்லது. அப்ப ஹார்ட் டெஸ்ட் கூடுதலா பண்ணணும். கேஸ் ஷீட்ல நீங்க சொன்ன வயசை நான் எழுதியே ஆகணும் சேட்டா."

"ஆபீசுக்குப் போகுமா?"

"நாங்களா அனுப்பறதில்ல. யாராவது கேட்டா மறைக்கவும் மாட்டேன்."

செல்லப்பா அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்புறம், "எழுதுங்க" என்றார்.

பாண்டிச்செல்வி சாயாவோடு வந்தபோது திரை இன்னும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து பாதிதான் தெரியும், மலையாளம் கால்வாசி. எண் நன்றாகத் தெரியும்.

"எழுபத்தொண்ணு எங்க?"

செல்லப்பா சொன்னார். அவள் கத்தவில்லை. சாயாவை மேசைமேல் வைத்தாள்.

"ஒன்னை யாரு வாயத் தொறக்கச் சொன்னா? சும்மா இருந்திருந்தா எழுபத்தொண்ணு இருந்திருக்கும்ல."

"அது பொய்க் கணக்கு புள்ள."

"அந்தப் பொய்யிலதான இத்தன வருஷமா சோறு தின்னோம். அது ஒண்ணும் செமிக்காமப் போகலியே." டாக்டரிடம் திரும்பினாள். "போன வாரம் சொன்னதையே வெச்சுக்கங்க டாக்டரே. இந்த மனுசன் அப்பப்ப இப்படித்தான் எதையாவது ஒளறும்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆள் அதே ஆள்தான், கட்டியும் அதே கட்டிதான், எண் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் விளக்கினார். ஆபரேஷன் செய்யாவிட்டால் இந்த ஐம்பத்தெட்டும் இருக்காது என்றார்.

சம்மதத் தாளில் வயது என்ற இடத்தில் செல்லப்பா 61 என்று எழுதினார். ஆறு வயதைத் திருப்பிக் கொடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே உறவினர் கையெழுத்து. பாண்டிச்செல்வி பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெளியே அடுத்த நோயாளியின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

"பயமாயிருக்கு" என்றாள், பேனாவைப் பார்த்து.

"எனக்கும்தான்."

அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோட்டைத் தாண்டி முத்திரை வைக்கிற இடம்வரை போயிற்று. பிறகு தாளை விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டாள்.

"அந்த அம்பத்தெட்டு பேரு யார் யாருன்னு இதுல எழுதியிருக்கா?"

"இல்லம்மா. அது யாருக்கும் தெரியாது."

"அப்ப இவரை மொதல்ல எழுதிக்கங்க."

டாக்டர் தாளை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இதயப் பரிசோதனைக்கான சீட்டை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது மாடி, ஒரு மணிக்குள் போக வேண்டும், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றார்.