திரையில் எழுந்து போனவர்

வீடியோ கேமை வைத்து எடுத்த படங்களில் நல்ல படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. எங்கள் வீட்டில் மோசமான படத்துக்குத்தான் மரியாதை. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீன்குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டபின், அக்காள் வீட்டில் மூன்று பேர் டிவியின் முன்னால் உட்காருவோம்: அக்காள், அத்தான், நான். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நான் நாகர்கோவிலில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்கிற தமிழ் டப்பிங் டிவிடிகளில், அட்டையே சகிக்காத ஒன்றாகப் பார்த்து வாங்கி வருவது என் பொறுப்பு.

அந்தப் படங்களுக்கென்று ஒரு அழகு உண்டு. பிசாசுகள் வரிசையில் நிற்கும். ஒன்று அடி வாங்கி முடித்த பிறகுதான் அடுத்தது வரும். ரேஷன் கடையில்கூட அந்த ஒழுங்கைக் காண முடியாது. கதாநாயகன் சாவி தேடி ஒரு கதவைத் திறப்பான், உள்ளே இன்னொரு கதவு இருக்கும். கருங்கல் கோட்டைச் சுவரில் யாராவது மோதினால் சுவர் லேசாக ஆடும். உலகம் அழியப் போகிறது என்று அழுகிற பெண்ணின் குரல், போன வாரப் படத்தில் பேயாக உறுமிய அதே குரலாக இருக்கும். அத்தான் கையில் இல்லாத ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு கதாநாயகனை ஓட்டுவார். "ஏலே, எடப்பக்கம் திரும்பு! சவம், பொறத்த ஒருத்தன் நிக்கான், பாரு!" அவன் திரும்பவே மாட்டான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். நல்ல படத்தின் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

அத்தானுக்கு ஒரு பழக்கம். பாதிப் படத்தில் பீடி குடிக்க எழுவார். வலை இழுத்து இழுத்து வலது தோள் தாழ்ந்துபோன நடை. வாசலில் கால் வைக்கும் முன் நின்று ஒருமுறை திரும்பித் திரையைப் பார்ப்பார். தனக்குத் தெரியாமல் ஒரு பிசாசு செத்துவிடக் கூடாது அவருக்கு.

பிறகு அவர் கல்ஃபுக்குப் போனார், ஒரு அரபியின் படகில் மீன் பிடிக்க. எங்கள் கரையில் ஆள் போகாத வீடு குறைவு. இரண்டாவது வருடம், கிறிஸ்துமஸ் கழிந்து பத்து நாளில், அவர் இருந்த படகு திரும்பவில்லை. கூடப் போன இருவரின் உடல்கள் கிடைத்தன. அத்தான் கிடைக்கவில்லை.

கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், வீட்டார் வந்து கேட்கும்வரை எங்கள் கோயிலில் துக்கமணி அடிக்க மாட்டார்கள். இறந்தோருக்கான பூசையும் கிடையாது. ஒரு மாதத்தில், மிஞ்சினால் இரண்டு மாதத்தில் கேட்டுவிடுவார்கள். அக்காள் ஒன்றரை வருடம் கேட்கவில்லை. கோயில் உபதேசியார் அதைக் கேட்க வந்து, வாசலில் சற்று நின்றுவிட்டுப் போவார். அவள் கதவைப் பூட்டுவதையே விட்டுவிட்டாள். பூட்டியிருக்கிற நேரம் பார்த்து அவர் வந்துவிட்டால்? எங்கள் அம்மா வீட்டுக்கு அவள் வருவதும் நின்றது. இரண்டு பேருக்குச் சோறு வடித்து, மறுநாள் மிச்சத்தை அவளே தின்றாள். ஆள் பாதியாகிவிட்டாள். எனக்குப் பரிதாபத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையபடி ஒரு டிவிடி கொண்டுபோனேன். வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில் செத்தவர்கள் எழுந்து நடக்கிற கேம் படம். அட்டையைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, யாருக்குக் கொண்டுபோகிறோம் என்று யோசிக்கவில்லை. போட்ட பிறகுதான் தெரிந்தது, அது தியேட்டர் பிரிண்ட். கல்ஃபில் ஏதோ ஒரு தியேட்டரில், யாரோ மடியில் கேமராவை மறைத்துவைத்து எடுத்தது. படத்தின் அடியில் அரபி எழுத்து ஓடியது. வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. முன்வரிசைத் தலைகள் கறுப்பாகத் தெரிந்தன. ஒரு பிணத்தின் கை கழன்று விழுந்தபோது அந்தத் தலைகள் எல்லாம் குலுங்கின. அக்காளும் சிரித்தாள்.

பிணங்கள் தண்ணீரிலிருந்து கரையேறும் இடத்தில், முன்வரிசையில் ஒரு ஆள் எழுந்தார். முகம் தெரியவில்லை, வெறும் நிழல். திரையின் குறுக்கே, அந்தப் பிணங்களின் நடுவில் நடந்தார். வலது தோள் தாழ்ந்திருந்தது. ஓரத்துக்குப் போனதும் நின்றார். திரும்பித் திரையைப் பார்த்தார்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே நல்ல வெயில், பெண்கள் மீன் காயப்போட்டுக்கொண்டு பேசுகிற சத்தம் கேட்கிறது. எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

"கண்டியா ஏட்டி?" என்றாள் அக்காள்.

"எத?"

"அவருக்க நடை."

"தோளு சரிஞ்ச ஆளு கல்ஃபுல ஆயிரம் உண்டு."

"திரும்பிப் பாத்தாரே. அதுவும் ஆயிரம் பேரா?"

ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினாள். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் டிவியில் அந்த இடம்தான் ஓடும். நிழல் எழும், நடக்கும், நிற்கும், திரும்பும். ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. "பீடி ஒண்ணு மதி, அது போதும். சட்டுனு வாங்க." வேறு யாரும் உள்ளே இல்லை. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் படம் அங்க எப்ப வந்துன்னு ஒனக்க கம்ப்யூட்டருல தெரியுமாட்டி? படகு போனதுக்கு முன்னன்னா, நான் கோயில்ல போயி மணிக்குச் சொல்லுகேன். பொறவுன்னா, அவரு உசுரோட உண்டு."

மறுநாள் கதவை வெறுமனே சாத்திவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். சென்டரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தேடியதில் தேதி கிடைத்தது. படம் கல்ஃப் தியேட்டர்களுக்கு வந்தது தவக்காலத்தில், படகு காணாமல் போய் இரண்டு மாதம் கழிந்து. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "நவம்பர். படகு போறதுக்கு முன்ன."

"சரியா பாத்தியா?"

"பாத்தேன்."

அன்று சாயங்காலமே துக்கமணி அடித்தது. ஊர் கூடி அழுதது. நானும் அழுதேன், ஆனால் பார்வை தெருமுனையில் இருந்தது. தோள் தாழ்ந்த ஒரு ஆள் அங்கே திரும்பிவிடக் கூடாதே என்று பயந்தேன். வந்தால் முதலில் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியவள் நான்.

அக்காள் பூட்டு வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலைக்குப் போனாள். உடம்பு தேறியது. வெளிநாட்டு எண்ணிலிருந்து எனக்கு மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிட மாட்டேன். எண்ணை அழித்துவிட்டு, அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது.

உண்மையைச் சொல்லிவிட ஐந்து வருடம் ஆனது. கல்லறைத் திருநாளன்று, அத்தான் பெயருக்கு நட்டிருந்த சிலுவையின் முன் நாங்கள் இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். கீழே வெறும் மணல்தான்.

"அக்கா, அண்ணைக்கு நான் சொன்ன தேதி..."

"நீ கம்ப்யூட்டரப் பாத்துட்டு இருந்த," என்றாள் அவள். "நான் ஒனக்க மொகத்தப் பாத்துட்டு இருந்தேன்."

"பின்ன எதுக்கு மணி அடிக்கச் சொன்ன?"

"போதும்னு ஆச்சு மக்கா. அத என்னால சொல்ல முடியல்ல. நீ சொன்ன." இன்னொரு மெழுகுவர்த்தியை என் பக்கம் நீட்டினாள். "இனி அத மாத்திச் சொல்லாத."

வாங்கி ஏற்றினேன். நான் ஒருத்தி செய்த பாவம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரை அங்கே புதைத்திருந்தோம்.