மேலே பார்க்காத இரண்டு பேர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வைகாசியில் என் தங்கை, ஏர்போர்ட்டை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரான பொழிச்சலூரிலேயே வீடு கட்டிக் குடிவந்தாள். கிரகப்பிரவேசம் முடிந்ததும் அவள் மகள் எல்லோரையும் மொட்டைமாடியில் நிறுத்தி செல்போனில் படம் எடுத்தாள். தங்கை கீழே பந்தியில் இருந்தாள். திண்டிவனத்திலிருந்து வந்த அவள் புகுந்த வீட்டு ஆட்கள் பின்வரிசையில். முன்வரிசையில் நானும் என் அண்ணனும். எங்கள் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம்.

"மாமா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. நடுவுல ஷேர் ஆட்டோவே போவும் போல கீது."

அண்ணன் நகரவில்லை. நானும் நகரவில்லை.

நாங்கள் பேசி நான்கு வருடம் ஆகிறது. அம்மாவின் காரியத்தன்று பந்தல்காரரிடம் நான் ஏதோ சொல்லப் போக, அண்ணன் எல்லோர் முன்னாலும், "நீ இன்னா பெரிய ஆளா? கம்முனு ஓரமா போய் நில்லு" என்றார். ஓரமாகப் போய் நின்றேன். அதற்குப் பிறகு பேசத் தோன்றவில்லை. கோபம் எப்போது போனது என்றுகூடத் தெரியாது. தண்ணீர் கேன் போடுவது என் வேலை. ஊர் முழுக்க வண்டி போகும், அண்ணன் இருக்கும் அடுத்த தெருவுக்கு மட்டும் போகாது. அங்கே வேறு ஆள் போடுகிறார். அண்ணனை வழியில் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது.

தங்கை மகள் படம் எடுத்த நேரம் தலைக்கு மேல் விமானம் தாழ இறங்கியது. தங்கை வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் வாயைத் திறந்து மேலே பார்த்தார்கள். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த நாங்கள் இரண்டு பேர் மட்டும் நேராகப் பார்த்தோம்.

சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தது. சிரிக்கிற மாதிரி கேப்ஷன் போடச் சொல்லி, தங்கை மகளே முதலில் எழுதினாள்: "மேலேர்ந்து பிரியாணிப் பொட்டலம் வருது. லெக் பீஸ் எனக்கு."

தங்கை வீட்டுக்காரர் எழுதினார்: "நடுவில் உள்ள இடம் வாடகைக்கு விடப்படும். சைவம் மட்டும்."

வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் விழுந்தன. "ஏங்க, சும்மா இருங்க" என்று தங்கை போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுதினார்: "நானும் என் தம்பியும் பொழிச்சலூர் ஆளுங்க. ஏரோப்ளேனுக்கெல்லாம் தலைய தூக்க மாட்டோம்."

மூன்று முறை படித்தேன். "ஆமாண்ணா" என்று அடித்தேன். சரியாக அடித்தேனா என்று சந்தேகம். இருபது பேர் பார்ப்பார்கள். அழித்தேன். மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். காலையில் பார்த்தால் பூப்படம் போட்ட குட்மார்னிங்குகளுக்குக் கீழே எல்லாம் அமுங்கிப்போயிருந்தது.

ஆனி முழுக்கப் போனது. போன வாரம் தங்கை வீட்டில் கேன் இறக்கும்போது அவள் கேட்டாள்.

"சின்னண்ணே, அந்த போட்டோல பெரியண்ணன் எழுதினத பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"இன்னா எழுதறதுன்னு தெரில."

"நீ இன்னா கதையா எழுதப் போற? ஒரு வரி. பெரியண்ணன் தெனம் போன எடுத்து எடுத்துப் பாத்துக்கினு கீதாம். அண்ணி சொல்லுது."

நேற்று பம்மலில் ஒரு ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டேன். படத்தில் இருக்கும் என் முகம் யாரோ மாதிரி இருந்தது. இன்று மத்தியானம் அதன் பின்பக்கம் பேனாவால் எழுதினேன்:

"நடுவுல எடம் வாடகைக்கு இல்ல. அடுத்த போட்டோல நான் நகந்து நிக்கிறேன் அண்ணா."

நாளைக் காலையில் முதல் நடை அண்ணன் தெருவுக்குத்தான். சந்தோஷமா, பயமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைக்கும் முன் கீழே தேதியையும் எழுதினேன்.

ஆடி மாதம், இரண்டாவது ஞாயிறு.